மெட்ராஸில் ஒரு கையெழுத்து

போன வாரம் நிவேதா போன் செய்தாள். "மேடம், மழைக்காலத்துல டூர் பிளான் பண்றது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். புதுசா சேந்த பிள்ளைங்களுக்கு. அஞ்சு பாயிண்ட் போதும்."

முப்பது வருஷத்துக்கு மேல் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். வேகமான பெண். நாளை மறுநாள் மூன்று மணிக்குச் சீர்காழியில் எத்தனை சதவீதம் மழை என்று அவள் போன் சொல்கிறது. அறுபது சதவீதம் என்றால் என்ன, இடுப்பு வரைக்கும் நனைவோமா என்று கேட்டேன். சிரித்தாள். சரி, நீ போட்ட திட்டம் ஒன்றை அனுப்பு என்றேன். ஆறு நாள், பதினோரு ஊர். ஒரு ரயிலை விட்டு இறங்கி நாற்பது நிமிஷத்தில் அடுத்த ரயில். அதுவும் கார்த்திகை மாதத்தில். படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

அஞ்சு பாயிண்ட் எழுத எனக்கு வராது. என்னிடம் இருப்பது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை, ஒன்பது வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு மனிதருடையது.

நான் பி.ஏ. புவியியல். மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு ஊர். வயலில் கூலி வேலை பார்த்த தெருவில் முதல் பட்டதாரி. அப்பா கட்சி மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய வாரத்தில் பிறந்ததால் தமிழரசி என்று பெயர். வரைபடம் படிக்கத் தெரிந்தால் உலகத்தைச் சுற்றிவிடலாம் என்ற எண்ணத்தில், தஞ்சாவூர் ரயிலடிக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் இருந்த ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் இரண்டு வருஷத்தில் ரயில் அட்டவணையை மனப்பாடம் செய்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. உலகத்தைச் சுற்றியவர்கள் எல்லாம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். நான் அவர்களுக்குச் சீட்டு எழுதினேன்.

மேலாளர் சபாபதி. எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "செஞ்சுடலாங்க" என்பார். வந்தவர் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பி, அதே குரலில், "முடியாதுன்னு லெட்டர் போட்டுரும்மா" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஒரு சத்தம் போட்டிருக்கலாம், அதற்கும் வழி வைக்கவில்லை. அவர் மேஜையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும்: 'மழைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை எல்லாத் தாளிலும் அதைக் குத்துவார். என் லீவு லெட்டரிலும் ஒருமுறை குத்தினார்.

அந்த ஸ்டாம்புக்குக் காரணம் இருந்தது. வடக்கே அச்சடித்த எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் இந்தியாவில் ஜூனில் மழை தொடங்கி செப்டம்பரில் முடியும் என்று போட்டிருக்கும். அதை நம்பி, மழை ஓய்ந்தது என்று நவம்பரில் ஜனங்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் ஊரில் அப்போதுதான் மழை தொடங்கியிருக்கும். பெல் பாட்டம் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, "புக்ல இப்படிப் போடலியே" என்று புத்தகத்தை என் முகத்துக்கு நேராக நீட்டுவார்கள். நான் கரும்பலகை இல்லாத குறையாக வடகிழக்குப் பருவக்காற்றை விளக்குவேன். சபாபதி ஸ்டாம்பை எடுத்துக் கொடுப்பார்.

மழைக்காலத்தில் எனக்கு விடியற்காலை வேலை ஒன்று உண்டு. ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு. கிராமங்களில் தங்கி வரும் முதல் பஸ்களின் கண்டக்டர்களிடம் சாலை நிலவரம் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் இரண்டு கட்டம். முதல் கட்டம் 'படி'. பஸ்ஸின் படிக்கட்டுதான் எங்கள் அளவுகோல். ஒரு படித் தண்ணீர் என்றால் வண்டி முதல் கியரில் ஊர்ந்து போகும். இரண்டு படி என்றால் போகாது. இரண்டாவது கட்டம் 'கொடி'. கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் ஓயாத வருஷங்கள் அவை. மெட்ராஸில் எந்தக் கொடி பறந்தாலும் இங்கே வயலில் செங்கொடி நட்டிருந்தால் அந்த ஊர் வழியாகப் போகிற பஸ் எந்த நேரமும் நிற்கும்.

"மழையக்கா வந்துருச்சுப்பா" என்பார்கள் கண்டக்டர்கள். "எழுதிக்கக்கா. ஒரு படி, ரெண்டு கொடி, ஒரு போலீஸ் லாரி. லாரிக்குக் கட்டம் இருக்கா?"

இதற்கெல்லாம் மேலே சபாபதியின் முறை ஒன்று. எங்கள் அலுவலகம் வழியாக வெளிநாடோ வடக்கேயோ போகிறவர் யாராக இருந்தாலும் அவர் பயணத் திட்டத்தில் 'மெட்ராஸில் ஒரு கையெழுத்து' என்று ஒரு நாள் இருக்கும். தாள் சரிபார்க்க வேண்டும், நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதனால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்தால் மெட்ராஸ் அலுவலகத்து ஆள், "நேத்தே முடிஞ்சுதுங்க, நீங்க பீச்சப் பாத்துட்டு வாங்க" என்பார். யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அது கையிருப்பு நாள். வெள்ளத்துக்கும் மறியலுக்கும் ஒளித்து வைத்தது. ரயில் நிஜமாகவே தவறிப்போன பிறகுதான் அதை வாடிக்கையாளரிடம் சொல்லலாம். முன்னாடியே சொன்னால் செலவழித்துவிடுவார்கள் என்பது சபாபதியின் தீர்ப்பு. பட்டப்படிப்புப் படித்த நான் தினமும் இந்தப் பொய்யை என் கையெழுத்தில் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நான் சேர்ந்து நான்காவது வருஷம், ஐப்பசியில் ஜமால் வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் கட்டட வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பு. சொந்தக்காரர்களுக்கும் கல்யாணங்களுக்கும் போக மிச்சம் எட்டு நாள். அந்த எட்டு நாளில் மனைவியோடு எங்காவது போய்வர வேண்டும், பச்சையாக இருக்க வேண்டும். கூடவே அவருடைய மாமனாரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் மைசூர் சொன்னேன். "அங்க மழை எப்படி?" என்றார். இந்த மாதத்தில் அவ்வளவாக இருக்காது என்று உறுதி சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனார். மறுபடி வந்தார், மறுபடி மாமனார். பூனா பக்கம் ஒரு மலையூர் சொன்னேன். "மழை?" சொட்டு விழாது என்றேன். யோசிப்பதாகப் போனார். இந்த மனிதருக்கு மழை என்றால் என்ன இவ்வளவு பயம் என்று எனக்குள் ஒரு வெறி. இரண்டு நாள் மழையளவு வரைபடங்களைப் புரட்டி, நவம்பரில் இந்தியாவிலேயே காய்ந்து கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். ராஜஸ்தான். மணல்மேடும் ஒட்டகமும் உள்ள காலண்டர் படம் ஒன்றையும் தேடி வைத்தேன்.

மூன்றாவது முறை மனைவி ஹசீனாவோடு வந்தார். மாமனார் இல்லை. படத்தை நீட்டினேன். ஜமால் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஹசீனாவிடம் கொடுத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் ஜமால். "ரெண்டு வருஷமா இதுலதான் படுத்து எந்திரிக்கிறேன்."

பிறகுதான் சொன்னார். கல்யாணமாகி ஐந்து வருஷம். வந்த இரண்டு விடுப்பும் கோடையில். "இவ கடுதாசில 'இன்னைக்கு மழை'ன்னு ஆரம்பிச்சான்னா மூணு பக்கமும் மழைதான். நான் அங்க கம்பி கட்டிக்கிட்டே அதப் படிப்பேன். இந்தத் தடவ இன்னொரு ஆளுகிட்ட கெஞ்சி லீவ மாத்திக்கிட்டு ஐப்பசிக்கு வந்தேன். மழையில இவகூட சும்மா உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கு எதுக்குங்க எங்ககிட்ட வரணும்? வீட்லயே உக்காரலாமே."

"வீட்ல பதினெட்டு பேரு. மழை பேஞ்சா பதினெட்டு பேரும் உள்ளதான் இருப்பாங்க."

"நாகூர் போறோம்னு சொல்லிருக்கோம்" என்றாள் ஹசீனா. "போவோம், ஒரு நாள். பாக்கி நாளுக்கு ஓட்டு வீடா இருந்தா நல்லாருக்கும்க்கா. சத்தம் கேக்கும்."

மூன்று தடவை அந்த மனிதர் மழை எங்கே என்று கேட்டிருக்கிறார். நான் மூன்று தடவை அதைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

சபாபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர்களிடம் "செஞ்சுடலாங்க" என்றார். அவர்கள் போனதும், "முடியாதும்மா" என்றார். "மழை பேஞ்சாப் பொறுப்பில்லைன்னுதான் ஸ்டாம்ப் வச்சிருக்கோம். பேயலன்னா எந்த ஸ்டாம்பக் குத்துறது?"

"சார், ஐப்பசி கடைசில டெல்டாவுல மழை பேயாம இருக்குமா? நான் ஜியாக்ரபி சார்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "அப்ப எழுதிக் குடு."

எழுதினேன். 'மேற்படி எட்டு நாட்களில் மழை பெய்யும் என்பதற்கு நானே பொறுப்பு. தமிழரசி.' அவர் அதைப் படித்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, கோப்பில் வைத்தார்.

இடம் நான் பிடித்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பூம்புகார் போகிற சாலையில், மதகு ஒன்றின் ஓரமாகப் பொதுப்பணித்துறையின் பழைய பயணியர் மாளிகை. சீமை ஓடு, பின்னால் ஆறு, சமைத்துப் போட ஒரு வாட்ச்மேன், சுற்றிலும் நட்டு இருபது நாளான சம்பாப் பயிர். அனுமதிக் கடிதத்துக்கு நான்கு மேஜை ஏறி இறங்கினேன். எட்டாம் நாள் பகல் ஒரு மணிப் பஸ்ஸில் கிளம்பி மாயவரம், அங்கிருந்து ஐந்து மணி ரயிலில் மெட்ராஸ், மறுநாள் கையெழுத்து, அதற்கடுத்த நாள் பம்பாய் ரயில், பிறகு விமானம். ஹசீனாவை மாயவரத்திலிருந்து அவள் தம்பி அழைத்துப்போவான்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள்வரை கொட்டியது. கிளம்பிய அன்று நின்றது.

முதல் நாள் பரவாயில்லை, ஒருநாள் வெயில் என்று விட்டேன். இரண்டாம் நாள் வானொலியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆந்திரா பக்கம் நகர்ந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் வானம் கழுவித் துடைத்த மாதிரி. என் நோட்டில் 'படி: இல்லை. கொடி: உண்டு' என்று தினமும் அதே வரி. சபாபதி காலையில் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குத் துணி நல்லாக் காயும்மா" என்பார். கண்டக்டர்கள் என் பெயரை வெயிலக்கா என்று மாற்றினார்கள். ஐந்தாம் நாள் ஜமாலிடமிருந்து ஒரு தபால் கார்டு: 'இங்கு இருவரும் நலம். வெயிலும் நலம்.'

எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. இரண்டு வருஷ உழைப்பில் எட்டு நாள் மிச்சம் பிடித்து ஒரு மனிதர் என்னை நம்பிக் கொடுத்திருந்தார். அது ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் அவர்களை ரயிலேற்றிவிட நானே போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். பதினோரு மணிக்கு மாளிகையில் இருந்தேன். கிழக்கே மேகம் கருத்திருந்தது, அதையும் நான் நம்பவில்லை. கூடத்தில் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். அறையின் நடுவில், உடைந்த ஓடு ஒன்றுக்கு நேர் கீழே, ஒரு அலுமினியக் குண்டான். உள்ளே தூசி.

"ஒழுகும்னு வந்த அன்னைக்கே வச்சேன்" என்றார் ஜமால். அவர் குரலில் குற்றம்சாட்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டரைக்கு மழை வந்தது. தூறல் கீறல் ஒன்றும் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. குண்டானில் முதல் சொட்டு விழுந்ததும் ஹசீனா அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அடுத்த பஸ் எப்ப?"

"நாலு மணிக்கு. ரயில் அஞ்சுக்கு. பிடிக்க முடியாது."

"போயிடுவோம்" என்றார் ஜமால். "மெட்ராஸ்ல கையெழுத்து இருக்கு."

பஸ் ஏறினோம். இரண்டு மைல்கூடப் போகவில்லை, வாய்க்கால் பாலம் ஒன்றுக்கு முன்னால் வண்டி நின்றது. சாலையில் குறுக்கே நாற்பது ஐம்பது பேர், நடுவில் கொடி. முன்னால் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பது என் சித்தப்பா. இறங்கிப் போனேன்.

"யாரு, தமிழரசியா? மழையில எங்கம்மா?"

"ரயிலுக்குப் போகணும் சித்தப்பா. என்கூட ரெண்டு பேர் இருக்காங்க. பஸ்ஸ விடச் சொல்லுங்க."

"மிராசு களையெடுக்க வெளியூர் ஆள எறக்கிட்டாரு. தாசில்தார் வந்து அவங்களத் திருப்பி அனுப்பட்டும். அப்பறம் பஸ்ஸு போவும்."

"எப்ப வருவாரு?"

"காலையிலேந்து அதத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்." பஸ்ஸை எட்டிப் பார்த்தார். "ஊரு சுத்துறவங்களுக்குச் சீட்டு எழுதுறதா உத்தியோகம்? உங்கம்மா நாத்து நட்டுப் படிக்கவச்சது இதுக்குத்தானா?"

அவர் நிற்பதில் நியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த மிராசின் வயலில் என் அம்மா வாங்கிய கூலியும் எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து மணி ரயிலும் இருக்கிறதே. எல்லார் பக்கமும் நியாயம் இருந்தால் எரிச்சல் போக இடமே இல்லாமல் போகிறது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

தண்ணீர் ஏறியது. அரைப் படி. ஒரு படி. மூன்றரை மணிக்குக் கண்டக்டர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு படிக்கா" என்றார். "இனிமே தாசில்தாரே வந்து தள்ளினாலும் வண்டி நகராது."

ஜமால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார். "கையெழுத்துப் போடலன்னா என்ன ஆவும் தங்கச்சி? விசா போயிடுமா? திரும்பச் சேத்துக்க மாட்டாங்களா?" ஹசீனா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஐந்து வருஷமாகக் கடிதத்தில் எழுதிக்கொண்டிருந்த மழை, ஒரு கை தூரத்தில். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ரயில் போக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. விதிப்படி நான் வாயைத் திறக்கக் கூடாது.

"கையெழுத்துன்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றேன்.

"கிடையாதுன்னா?"

"நான் வேலைக்கு வந்த நாள்லேந்து யாரும் போட்டதில்ல. இந்த மாதிரி நேரத்துக்குன்னு ஒரு நாள ஒளிச்சு வைப்போம். பம்பாய் ரயில் நாளை மறுநாள்தான். நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாயவரத்துல இருந்தாப் போதும். டிக்கெட்ட நான் மாத்தித் தரேன், இவங்க தம்பிக்கும் சொல்லி அனுப்புறேன்."

ஜமால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "எட்டு, ஏழு, ஆறுன்னு எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். ஒம்போது நாள் இருந்துச்சா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

ஹசீனாதான் எழுந்தாள். அவர் கையைப் பிடித்து, கடிகாரத்தைக் கழற்றி, தன் கைப்பையில் போட்டு மூடினாள். "அக்கா, வாட்ச்மேன் பூட்டிட்டுப் போயிருப்பாரா?"

"அவர் வீடு பின்னாலதான்."

இறங்கினார்கள். ஹசீனாவுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர். பெட்டியோடு ஜமால் தடுமாறியதைப் பார்த்துச் சித்தப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"மறியல்னு சொன்னீங்களே" என்றேன்.

"ரயிலுக்குப் போறவங்களத்தானம்மா மறிச்சோம். இவங்க திரும்பிப் போறாங்க." கூட்டத்தில் சிரிப்பு கேட்டது.

அவர்கள் குடை என் பக்கத்து இருக்கையில் கிடந்தது. ஜன்னல் வழியாக அதை நீட்டிக் கூப்பிட்டேன். ஹசீனா திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். முன்னால் சாக்கும் பெட்டியுமாகச் சித்தப்பா, பின்னால் அவர்கள் இரண்டு பேர். அவசரமில்லாமல் நடந்தார்கள். வயலும் சாலையும் ஒன்றாகிவிட்ட இடத்தில் மழை அவர்களை மூடிவிட்டது.

இரவோடு தண்ணீர் வடிந்து ஒரு படிக்கு வந்தது. தாசில்தார் காலையில் வந்தார், வெளியாட்கள் திரும்பிப் போனார்கள். கூலிப் பேச்சு மட்டும் அடுத்த வருஷத்துக்கு மிச்சம். சாயங்காலம் மாயவரம் பிளாட்பாரத்தில் ஜமால் ஏழெட்டுத் தடவை தும்மினார். ஹசீனாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ராத்திரி முழுக்கக் குண்டானை நான்கு தடவை கொட்டிக் கவிழ்த்ததாகச் சொன்னாள்.

சபாபதி என் அறிக்கையைப் படித்தார். "ரயில் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டியே."

"அவங்க நாள் சார் அது."

"இல்லம்மா" என்றார் அதே குரலில். "அது ஆபீஸ் நாள். ஒருத்தருக்குத் தெரிஞ்சா அது கையிருப்பு இல்ல, செலவு." என் லீவில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்த பொறுப்புத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து, அதன்மேல் ஸ்டாம்பைக் குத்தி, திரும்பக் கோப்பிலேயே வைத்தார். ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர் சொன்னது சரி என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஜமாலிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடியும் ஐப்பசி விடுப்பு, அதே மாளிகை, எட்டு நாள். கீழே ஹசீனா சொன்னதாக ஒரு வரி: 'மெட்ராஸ் கையெழுத்து நாளையும் முதலிலேயே சேர்த்து ஒன்பதாகப் போட்டுவிடவும்.'

செலவழித்துவிட்டார்கள். சாலை நோட்டைப் புரட்டினேன். அந்தச் சாலையில் அன்றைக்கும் படி ஒன்று, கொடி ஒன்று. சபாபதி தன் மேஜையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் என்று எழுதினேன். மெட்ராஸ் கையெழுத்தை அடித்தேன். அதற்குக் கீழே, என் கையெழுத்தில், 'பம்பாயில் ஒரு முத்திரை' என்று எழுதி, விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே பம்பாய் போய்ச் சேரும்படி ரயில் போட்டேன்.